இறங்கும்போதுதான் எச்சரிக்கை!
திருமலைப் பாதை சொல்லும் 40 நிமிடப் பாடம்

அலிபிரி வழியாகத் திருமலைக்குப் போய்வரும் வாகனங்களுக்குத் தேவஸ்தானம் ஒரு நேரக் கணக்கு வகுத்தது. மலை ஏற 28 நிமிடத்துக்குக் குறையக்கூடாது. மலை இறங்க 40 நிமிடத்துக்குக் குறையக்கூடாது. புறப்படும் நேரத்தைச் சீட்டில் குறித்துக் கொடுப்பார்கள். முன்னதாக வந்து சேர்ந்தால், வழியில் வேகமாக ஓட்டியிருக்கிறார் என்று பொருள்.

முதல் முறை கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஏறும்போது எஞ்சின் திணறுகிறது. இறங்கும்போது வண்டி தானாகவே உருள்கிறது. அப்படியிருக்க, இறங்குவதற்கு ஏன் 12 நிமிடம் அதிகம்?

போகும் பாதையும் வரும் பாதையும் வேறு வேறு என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் அல்ல. ஏறுகிற வண்டியின் கைப்பிடியைத் தளர்த்தினால் மலையே அதை நிறுத்திவிடும். இறங்குகிற வண்டியை மலை நிறுத்தாது, தள்ளிக்கொண்டுதான் போகும். அதனால்தான் இறக்கத்துக்கு அதிக நேரம்.

சித்தூர், திருப்பதி, ரேணிகுண்டா, ஸ்ரீசிட்டி பகுதிகளில் வேலை பார்க்கும் தமிழ்த் தொழிலாளர்கள் பலருக்கு வார விடுமுறை என்றால் மலைதான். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் மனைவி, குழந்தையை ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரிலும் மோட்டார் சைக்கிளிலும் புறப்பட்டுவிடுகிறார்கள். தினக்கூலி வாங்குபவர் ஒரு முறை கீழே விழுந்து கால் முறிந்தால் மூன்று மாதச் சம்பளம் போய்விடும். ஊரிலிருந்து பார்த்துக்கொள்ள ஆள் வர வேண்டும். வாடகை நிற்கும். ஆகவே மலைப்பாதை எப்படிப் போடப்படுகிறது, அதில் எப்படி இறங்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வது நம்மவர்களுக்கு அவசியம்.

பாதை பிறந்த கதை

1944-ஆம் ஆண்டு வரை திருமலைக்கு மோட்டார் பாதை கிடையாது. படியேறிப் போனார்கள், முடியாதவர்களை டோலி கட்டித் தூக்கிப் போனார்கள். அலிபிரி வழியில் 3,550 படிகள். ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388 படிகள்.

அப்போது சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. புகழ்பெற்ற பொறியாளர் சர் விஸ்வேஸ்வரய்யாவின் யோசனைப்படி முதல் மலைப்பாதை போடப்பட்டது. 1944-இல் சென்னை மாகாண கவர்னர் சர் ஆர்தர் ஹோப் அதைத் திறந்துவைத்தார். 30 ஆண்டுகள் கழித்து, 1974-இல் இரண்டாவது மலைப்பாதை வந்தது.

இரண்டும் ஏறத்தாழ ஒரே நீளம். 18, 19 கிலோ மீட்டர் இருக்கும். பழைய பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். புதிய பாதையில் அவை மிகக் குறைவு. புதிய பாதை ஏறுவதற்கும் பழைய பாதை இறங்குவதற்கும் என்று ஒதுக்கப்பட்டன. எதிரே வண்டி வராது என்பதே பெரிய பாதுகாப்பு.

வளைவுகள் எதற்காக?

"நேராகப் போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் போய்விடலாமே" என்று வளைவுகளைச் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. நேராகப் போட்டால் படிக்கட்டுதான் போட முடியும், சாலை போட முடியாது!

கணக்கைப் பாருங்கள். திருப்பதி நகரத்தைவிடத் திருமலை சுமார் 700 மீட்டர் உயரம். அந்த 700 மீட்டரை 18 கிலோ மீட்டர் நீளத்துக்குப் பரப்பினால், 26 அடி போனால் ஒரு அடி ஏற்றம் என்று ஆகிறது. மலைச் சாலைகளுக்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்துள்ள விதியில், வழக்கமான சாய்வு 20 அடிக்கு ஒரு அடி. இடம் கிடைக்காத நெருக்கடியில்தான் 14 அடிக்கு ஒரு அடி வரை போகலாம். ஆகவே வளைவு என்பது வீணான சுற்று அல்ல. செங்குத்தான உயரத்தை நீளமாக மாற்றுகிற உபாயம்.

கொண்டை ஊசி வளைவுக்கு விதி இன்னும் கடுமை. வளைவின் உட்புற ஆரம் 14 மீட்டருக்குக் குறையக்கூடாது. வளைவுக்குள் சாய்வு 40 அடிக்கு ஒரு அடிக்கு மேல் போகக்கூடாது. ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவே குறைந்தது 60 மீட்டர் இடைவெளி வேண்டும். சாலையின் வெளிப்புற ஓரம் உயர்ந்தும் உட்புற ஓரம் தாழ்ந்தும் இருக்க வேண்டும். வண்டி வெளியே வீசப்படாமல் காப்பது இந்தச் சாய்ப்புதான்.

இத்தனையும் செய்துவிட்டு, அந்த வளைவுக்குப் பொறியாளர்கள் கணக்கிடும் குறைந்தபட்ச வேகம் எவ்வளவு தெரியுமா? மணிக்கு 20 கிலோ மீட்டர்! அந்த அளவுக்கு அமைத்த வளைவில் 50-இல் வந்து திரும்புபவர், பொறியாளர் கொடுத்த பாதுகாப்பைத் தானே தூக்கி எறிகிறார்.

தண்ணீர் என்ற எதிரி

மலைப்பாதைக்கு முதல் எதிரி வண்டி அல்ல, தண்ணீர். மலைப் பக்கம் வடிகாலும், பாதைக்கு அடியில் நீர்ப்போக்கியும், பள்ளத்துப் பக்கம் தடுப்புச் சுவரும் இல்லாவிட்டால் எந்தப் பாதையும் இரண்டு மழைக்காலம் தாங்காது.

2021 நவம்பரில் திருப்பதியில் கொட்டிய பெருமழையை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மண்ணும் பாறையும் ஊறிக் கிடந்தன. டிசம்பர் 1-ஆம் தேதி இரண்டாவது மலைப்பாதையில் பெரும் பாறைகள் உருண்டு விழுந்து சாலையை உடைத்தன. அந்தப் பாதை வாரக்கணக்கில் மூடப்பட்டது. ஐ.ஐ.டி. நிபுணர்கள் வந்து பார்வையிட்டார்கள்.

மழை விட்ட மறுநாள் மலைக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். வெயில் அடிக்கிறது என்பதால் பாதை காய்ந்துவிட்டது என்று எண்ணக்கூடாது. மரநிழல் விழும் வளைவுகளில் ஈரமும் சரளைக் கல்லும் கிடக்கும். இரண்டு சக்கர வண்டிக்கு ஒரு கைப்பிடிச் சரளை போதும்.

சைக்கிள்காரர்கள் கற்ற பாடம்

மலை இறக்கத்தின் ஆபத்தை உலகத்துக்கு எடுத்துக்காட்டியவர்கள் சைக்கிள்காரர்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், 1976-ஆம் ஆண்டு அக்டோபரில், சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களை எடுத்துக்கொண்டு ஒரு மண் பாதையில் இறங்கு பந்தயம் வைத்தார்கள். 2 மைல் தூரத்துக்குள் சுமார் 1,300 அடி இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்தால் பின் சக்கரம் நிற்கும் பழைய மாதிரி பிரேக். கீழே வந்து சேரும்போது சக்கரக் குடத்தில் இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து போயிருக்கும். ஒவ்வொரு தடவையும் பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று, அதாவது 'மறுபடி அடைப்பது' என்று, பெயர் வந்துவிட்டது! இந்தப் பந்தயங்களிலிருந்துதான் மலைச் சைக்கிள் என்ற புது வகை வண்டி உருவாயிற்று. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது போட்டியாகவே சேர்க்கப்பட்டது.

விளையாட்டு வளர்ந்தபோது விபத்துகளும் வளர்ந்தன. மலைச் சரிவுகளில் மண் அரித்துப் பாதைகள் பாழாயின. பிறகுதான் பாதை போடுவதற்கு விதிகள் எழுதினார்கள். 1988-இல் தொடங்கப்பட்ட சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் சொல்லும் விதிகள் எளிமையானவை.

மலைச்சரிவு எவ்வளவு சாய்வோ, பாதையின் சாய்வு அதில் பாதிக்கு மேல் போகக்கூடாது. மீறினால் மழைநீர் பாதையைக் குறுக்கே கடந்து போகாமல், பாதையையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடும். மொத்தப் பாதையின் சராசரிச் சாய்வு 10 அடிக்கு ஒரு அடிக்குள் இருக்க வேண்டும். இறங்கிக்கொண்டே போகும் பாதையில் அங்கங்கே சிறிய ஏற்றம் வைக்க வேண்டும். அந்த ஏற்றம் தண்ணீரை வெளியே தள்ளும். சைக்கிளின் வேகத்தையும் குறைக்கும்.

நமக்குப் பக்கத்திலேயே, கேரளத்தில் திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடியில், 2023 அக்டோபர் 26 முதல் 29 வரை ஆசிய மலைச் சைக்கிள் போட்டி நடந்தது. மலைச் சரிவில் இறங்கும் பந்தயமும் அதில் உண்டு. வேகத்துக்காகவே நடத்தப்படும் அந்தப் பந்தயத்தில் இருக்கும் கட்டுப்பாடுகளைக் கேட்டால் வியப்பாக இருக்கும். வீரர்கள் முதலில் பாதையைக் கால்நடையாக நடந்து பார்ப்பார்கள். பிறகு பயிற்சியாக இறங்கிப் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் பந்தயம். முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட் கட்டாயம். வழி நெடுகக் கொடியுடன் காவலர்கள் நிற்பார்கள். ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவருக்குக் கொடி காட்டுவார்கள்.

பயிற்சி பெற்ற வீரருக்கே இத்தனை ஏற்பாடு. குழந்தையை முன்னால் நிற்க வைத்து, மனைவியைப் பின்னால் உட்கார வைத்து, லட்டுப் பையைக் கைப்பிடியில் மாட்டி இறங்கும் நம்மவருக்கு எந்தக் கொடியும் இல்லை. அவருடைய நிதானம் ஒன்றுதான் காவல்.

பிரேக் படும் பாடு

இரண்டு பேர் ஏறிய ஒரு ஸ்கூட்டர் சுமார் 250 கிலோ எடை. அது 700 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தியைக் கணக்கிட்டால், ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூட்டுக்குச் சமம். எஞ்சினும் காற்றும் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். எஞ்சினுக்கு வேலை கொடுக்காவிட்டால் பெரும்பகுதிச் சூடும் உள்ளங்கை அகலப் பிரேக் கட்டையின் தலையில் விழும். சூடேறிய பிரேக் வழுக்கும். அழுத்த அழுத்தப் பிடிக்காது.

பெட்ரோல் மிச்சமாகும் என்று எஞ்சினை அணைத்துவிட்டோ, நியூட்ரலில் போட்டோ இறங்குபவர்கள் இருக்கிறார்கள். இதைவிட மோசமான சிக்கனம் கிடையாது. 19 கிலோ மீட்டருக்கு ஆகும் பெட்ரோல் அரை லிட்டர்கூட இல்லை. கியரில் போட்டு ஆக்சிலேட்டரை மூடி இறங்கினால் அதிலும் கொஞ்சம்தான் செலவாகும். ஒரு சாப்பாட்டுக் காசுகூட மிஞ்சாத இதற்காக உயிரைப் பணயம் வைக்கலாமா?

ரயில்வேயில் மலைச் சரிவுகளில் 'கேட்ச் சைடிங்' என்று ஒரு தனித் தண்டவாளம் போட்டிருப்பார்கள். பிரேக் பிடிக்காமல் ரயில் ஓடிவந்தால், மேல்நோக்கிப் போகும் அந்தத் தண்டவாளத்தில் திருப்பிவிட்டு நிறுத்துவார்கள். ஸ்கூட்டருக்கு அப்படி ஒரு சைடிங் கிடையாது. வெளிப்புறச் சுவரும், அதற்கு அப்பால் பள்ளமும்தான்.

செய்ய வேண்டியவை இவை:

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இரண்டாவது கியரில் ஏறிய இடத்தை இரண்டாவது கியரிலேயே இறங்க வேண்டும்.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் வண்டி சாய்ந்திருக்கும்போது பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கும்.

இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடியுங்கள். ஒரே அழுத்தாக அழுத்திக்கொண்டே வராதீர்கள்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சின் பிடிப்பு குறைவு. பிரேக்கே முழுப் பாரத்தையும் சுமக்கும். ஆகவே வண்டி நிறுத்த அனுமதியுள்ள இடத்தில் ஓரமாக நிறுத்தி, பிரேக் ஆறிய பிறகு இறங்குங்கள்.

பள்ளத்தைப் பார்க்காதீர்கள், போக வேண்டிய வழியைப் பாருங்கள். கண் எங்கே போகிறதோ, வண்டி அங்கேதான் போகும்.

மொட்டை போட்டவர்கள் கவனத்துக்கு

திருமலைக்கே உரிய ஒரு ஆபத்து உண்டு. முடியிருந்த தலைக்குச் சரியாக இருந்த ஹெல்மெட், மொட்டை போட்ட பிறகு தளர்ந்துவிடும். சந்தனம் பூசியிருந்தால் வழுக்கவும் செய்யும். சிலர் சந்தனம் கலையும் என்று ஹெல்மெட்டையே கையில் மாட்டிக்கொள்கிறார்கள். முழங்கைக்கு ஹெல்மெட் எதற்கு?

தலையில் ஒரு பருத்தித் துண்டை ஒரே மடிப்பாகக் கட்டி, அதன்மேல் ஹெல்மெட்டைப் போட்டு, தாடைப் பட்டையை இறுக்க வேண்டும். ஆட்டினால் ஆடக்கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒரு முறை அடிபட்ட ஹெல்மெட்டின் உட்புற மெத்தை நசுங்கியிருக்கும். வெளியே பளபளப்பாக இருந்தாலும் அது மறு அடியைத் தாங்காது.

பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளியான கணக்குப்படி, விபத்தில் சிக்கும் மோட்டார் சைக்கிள்காரர் இறக்கும் அபாயத்தை ஹெல்மெட் 42 சதவீதமும், தலைக்காயம் படும் அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது. பின்னால் உட்காருபவருக்கும் சட்டப்படி ஹெல்மெட் கட்டாயம் என்பதையும் மறக்கக்கூடாது.

இன்னொரு ஆபத்து தூக்கம். இரவு ஷிப்ட் முடிந்து நேரே மலையேறி, வரிசையில் பல மணி நேரம் நின்று, தரிசனம் முடிந்த கையோடு இறங்குகிறவர்கள் ஏராளம். மனம் நிறைந்திருக்கும், கண் சொருகும். ஒரு மணி நேரம் மண்டபத்தில் படுத்து எழுந்து புறப்பட்டால் எந்தக் குறையும் இல்லை.

இருட்டில் இறங்குவதும் கூடாது. காட்டு விலங்குகள் பாதையைக் கடக்கும். 2023 ஆகஸ்டில் நடைபாதையில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்ற துயரத்துக்குப் பின், இருசக்கர வாகனங்களை அனுமதிக்கும் நேரம் குறைக்கப்பட்டது. இந்த நேரங்கள் அவ்வப்போது மாற்றப்படுவதால், புறப்படும் முன் அலிபிரியில் கேட்டுக்கொள்வது நல்லது.

மற்ற மலைப்பாதைகள்

திருமலையில் சோதனைச் சாவடி உண்டு, ஒருவழிப் பாதை உண்டு. சுற்றுவட்டாரத்தின் மற்ற மலைப்பாதைகளில் அந்த வசதி இல்லை. மதனப்பள்ளி – திருப்பதி சாலையில் உள்ள பாக்கராப்பேட்டை மலைப்பாதையில் 2022 மார்ச் 26 இரவு, தர்மாவரத்திலிருந்து நிச்சயதார்த்தத்துக்கு வந்த பஸ் பள்ளத்தில் விழுந்தது. ஏழு பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். சித்தூர் – பெங்களூர் நெடுஞ்சாலையில் மொகிலி மலைப்பாதையில் 2024 செப்டம்பர் 13 அன்று பஸ்ஸும் லாரியும் மோதிப் பயணிகள் பலர் மாண்டார்கள்.

பஸ்ஸுக்கே இந்தக் கதி என்றால், அதே சாலையில் லாரிகளுக்கு நடுவே போகும் மோட்டார் சைக்கிளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே நேரம் குறித்துக் கொடுக்க யாரும் இல்லை. 40 நிமிடக் கணக்கை அவரவரே மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

விழுந்தவரைக் கண்டால்

விழுந்து கிடப்பவரை ஆளுக்கு ஒரு கையும் காலுமாகத் தூக்கக்கூடாது. கழுத்து எலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலிலேயே கை கால் நிரந்தரமாக விளங்காமல் போய்விடலாம். மூச்சுக்குத் தடை இல்லாதவரை ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றக்கூடாது. முகத்தில் சோடா அடிப்பதும், வாயில் தண்ணீர் ஊற்றுவதும் தவறு. ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். மேலே ஒருவர் நின்று, இறங்கி வரும் வண்டிகளுக்குத் துண்டை வீசிக் காட்ட வேண்டும்.

உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். தெலுங்கு சரியாக வராது என்று தயங்க வேண்டாம். எந்த மலைப்பாதை, ஏறும் வழியா இறங்கும் வழியா, பக்கத்தில் உள்ள கிலோ மீட்டர் கல்லில் என்ன எண் என்று மூன்றையும் சொன்னால் போதும். அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். திருப்பதியில் ரூயா ஆஸ்பத்திரியும் ஸ்விம்ஸும் இருக்கின்றன.

"உதவி செய்தால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டும், வெளியூர்க்காரனுக்கு எதற்கு வம்பு?" என்று ஒதுங்குபவர்களும் உண்டு. அந்தப் பயம் இனித் தேவையில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்கு வராமல் காப்பாற்றுகிறது. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது.

பன்னிரண்டு நிமிடம்

வேகமாக இறங்கிவிட்டு, சோதனைச் சாவடிக்குச் சற்று மேலே வண்டியை ஓரங்கட்டி, கடிகாரத்தைப் பார்த்தபடி 40 நிமிடம் ஆகட்டும் என்று காத்திருக்கும் சாமர்த்தியசாலிகளும் இருக்கிறார்கள். அவர்கள் ஏமாற்றுவது சாவடியில் இருப்பவரை அல்ல. 19 கிலோ மீட்டரை 40 நிமிடத்தில் இறங்கினால் வேகம் மணிக்கு 28 கிலோ மீட்டர். அந்த வேகத்தில் வளைவில் நாய் குறுக்கே வந்தாலும் நிறுத்தலாம். அதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வந்தால், பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க நான்கு மடங்கு தூரம் வேண்டும். மலை வளைவில் அந்தத் தூரம் இருக்காது.

சாவடிக்கு மேலே காத்திருக்கும் அதே பன்னிரண்டு நிமிடத்தை, மேலேயுள்ள 36 வளைவுகளுக்கும் பங்கிட்டால் ஒரு வளைவுக்கு 20 விநாடி வருகிறது. அந்த 20 விநாடியை ஒவ்வொரு வளைவிலும் கொடுத்துவிட்டு இறங்குபவர், மறுநாள் காலை ஷிப்டுக்கு நேரத்தோடு போய்ச் சேருவார்.